தேன் எடுப்பவருக்குக் கூலியை யார் நிர்ணயிப்பது?

ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். மேடையில் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த இயக்குநர்கள். எதிரே பங்குதாரர்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் இருப்பார், சேமித்த பணத்தில் ஆயிரம் பங்கு வாங்கி வைத்த லோரி ஓட்டுநர் இருப்பார், கணவரின் பங்குகளைக் கவனித்துக்கொள்ள வந்த விதவைத் தாயார் இருப்பார். தலைவர் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். "இயக்குநர்களுக்கான கட்டணத்தை அங்கீகரிக்கும் தீர்மானம். முன்மொழிபவர்? வழிமொழிபவர்?" ஒரே நிமிடம். தீர்மானம் நிறைவேறி விடுகிறது. அதற்குள் பலரின் கவனம் பகல் உணவுப் பக்கம் திரும்பியிருக்கும்.

அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வந்தது? ஒரு நிறுவனத்தை மேற்பார்வை செய்பவர்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நம்மைப் போன்ற சாதாரணப் பங்குதாரரிடம் ஏன் கேட்க வேண்டும்? தேன் எடுப்பவன் புறங்கையை நக்குவான் என்பது நம் பழமொழி. அவன் புறங்கையை நக்காமலிருக்கக் கூலி எவ்வளவு, அதை யார் நிர்ணயிப்பது என்ற கேள்விக்கு உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடலில் பினாங்கும் உண்டு, ரப்பரும் உண்டு.

சம்பளம் சிறிது, வரும்படி பெரிது

1786ஆம் ஆண்டு பினாங்கில் கொடி ஏற்றிய கிழக்கிந்தியக் கம்பெனியை எல்லாரும் அறிவோம். சென்னையையும் கல்கத்தாவையும் ஆண்ட அதே கம்பெனிதான். ஆனால் அதை ஆண்டவர்கள் யார்? லண்டனில் லெடன்ஹால் தெருவில் அமர்ந்திருந்த 24 இயக்குநர்கள். பங்குதாரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த இயக்குநர் ஒருவருக்குக் கிடைத்த சம்பளம் ஆண்டுக்கு 300 பவுண்டு. கோடிக்கணக்கான மக்களை ஆளும் கம்பெனியின் இயக்குநருக்கு இது மிகச் சொற்பம். அப்படியிருந்தும் அந்தப் பதவிக்கு ஏன் அவ்வளவு போட்டி?

காரணம், உண்மையான வருமானம் சம்பளத்தில் இல்லை. கம்பெனியின் எழுத்தர் வேலைக்கும் படை அதிகாரி வேலைக்கும் ஆள் நியமிக்கும் உரிமை இயக்குநர்களிடம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த இடங்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். சாதாரண இயக்குநருக்கு ஒரு பங்கு, தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் இரண்டு பங்கு. கீழை நாட்டுக்குப் போய்ப் பெரும் பணக்காரனாகத் திரும்பலாம் என்ற கனவோடு ஒவ்வொரு பெரிய குடும்பமும் இயக்குநரின் வாசலில் காத்து நின்றது.

நியமனத்துக்குப் பணம் வாங்குவதில்லை என்று இயக்குநர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் 1809இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தபோது, இடைத்தரகர்கள் வழியாக வேலைகள் பணத்துக்கு விற்கப்பட்டது அம்பலமானது. 1853ஆம் ஆண்டுச் சட்டம்தான் நியமன உரிமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன்படி 1855இல் முதல் போட்டித் தேர்வு நடந்தது. மூன்றே ஆண்டுகளில் கம்பெனியின் ஆட்சியும் முடிவுக்கு வந்தது.

இதிலுள்ள பாடம் எளியது. முன்வாசல் வழியாகக் குறைவாகக் கொடுத்தால், பின்வாசல் வழியாக அதிகம் போகும். கணக்கில் எழுதப்படும் சம்பளத்தை மட்டும் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

ஒரு கினியும் ஒரு மதிய உணவும்

அடுத்து வந்தது கூட்டுப்பங்கு நிறுவனங்களின் காலம். இங்கிலாந்தில் இரயில் பாதைகளும் வங்கிகளும் சுரங்கங்களும் பொதுமக்களின் பணத்தில் எழுந்தன. 1862ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் மாதிரி விதிகளில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. இயக்குநர்களின் ஊதியத்தை நிறுவனம் அதன் பொதுக்கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும் என்பதே அந்த வரி. இன்று நம் மண்டபங்களில் கை உயர்த்தும் அந்த ஒரு நிமிடத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஏன் பொதுக்கூட்டம்? இயக்குநர் என்பவர் வேலையாள் அல்லர். பிறர் சொத்துக்குக் காவலர். காவலர் தமக்குத் தாமே கூலி எடுத்துக்கொண்டால் அது காவல் ஆகுமா? வேலியே பயிரை மேய்ந்த கதையாகி விடாதா?

1883இல் அயர்லாந்தின் வெஸ்ட் கார்க் இரயில்வே நிறுவனம் இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தது. அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது. கணக்கை முடிக்கும் வேலை மட்டுமே பாக்கி. அதன் இயக்குநர்கள் அதுவரை சம்பளமே வாங்கியதில்லை. பாவம், இவ்வளவு காலம் உழைத்தார்களே என்று பொதுக்கூட்டம் அவர்களுக்கு 1,500 பவுண்டு கொடுக்கத் தீர்மானித்தது. ஹட்டன் என்பவர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் ஹட்டன் பக்கம் நின்றார்கள். இயக்குநராக இருப்பதனாலேயே ஒருவருக்குச் சம்பளம் கேட்கும் உரிமை வந்துவிடாது என்றார் நீதிபதி போவன். ஒரு நிறுவனம் தாராளமாக நடந்துகொள்ளலாம், ஆனால் அந்தத் தாராளத்தால் நிறுவனத்துக்கு நன்மை விளைய வேண்டும். மூடப்படும் நிறுவனத்துக்கு இனி என்ன நன்மை? பிறர் பணத்தில் தர்மம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

சட்டம் இப்படிக் கண்டிப்பாக இருந்தது. நடைமுறை வேறு மாதிரி இருந்தது. அந்தக் காலத்து லண்டன் நிறுவனங்கள் பட்டம் பெற்ற பிரபுக்களையும் ஓய்வு பெற்ற படைத் தளபதிகளையும் இயக்குநர்களாகச் சேர்த்துக்கொண்டன. விளம்பரத்தில் பெயர் அழகாக இருக்கும் அல்லவா? கூட்டத்துக்கு வந்தால் ஒரு கினி, அதாவது 21 சிலிங். கூடவே மதிய உணவு. இவர்களை மக்கள் கேலியாகக் 'கினிப் பன்றிகள்' என்று அழைத்தார்கள்.

பணமே வாங்காத கௌரவப் பதவி மட்டும் என்ன வாழ்ந்தது? கார்டிஃப் சேமிப்பு வங்கியின் தலைவராக இருந்தவர் பியூட் பிரபு. தந்தை இறந்ததும் அந்தப் பதவிக்கு அவர் வந்தபோது அவருக்கு வயது ஆறு மாதம்! முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் போனார். வங்கி நொடித்துப் போனது. 1892இல் வழக்கு வந்தபோது, கூட்டத்துக்கே வராதவர் தவறுக்குப் பொறுப்பாக முடியாது என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. சம்பளமும் இல்லை, பொறுப்பும் இல்லை. பணத்தைப் போட்ட ஏழைக்கு மட்டும் நட்டம்.

ரப்பர் ஏறிய காலம்

1910ஆம் ஆண்டு. மோட்டார் வண்டிகள் பெருகிய நேரம். லண்டன் சந்தையில் ஒரு இராத்தல் ரப்பரின் விலை 12 சிலிங்கைத் தாண்டியது. மலாயாவில் தோட்டம் வைத்திருந்த சில நிறுவனங்கள் அந்த ஆண்டில் 300 விழுக்காட்டுக்கு மேல் இலாப ஈவு கொடுத்தன. ரப்பர் என்ற பெயர் இருந்தால் போதும், பங்குகள் விற்றுத் தீர்ந்தன.

அந்த மோகத்தின் நிழலில் வந்த ஒரு வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பேசப்படுகிறது. 1906இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் பிரேசிலில் ரப்பர் தோட்டம் வாங்கியது. தோட்டத்தைப் பற்றிக் கொடுக்கப்பட்ட அறிக்கை மோசடியானது. நிறுவனம் வீழ்ந்த பிறகு, இயக்குநர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நீதிமன்றம் ஆராய்ந்தது.

ஒருவர் பிரபு வம்சத்தவர். வணிகம் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. பொறுப்பில்லாத, இனிமையான சிறு வேலை என்று சொன்னார்கள், சேர்ந்துகொண்டார். இன்னொருவருக்கு வயது 75, காது சரியாகக் கேட்காது. மூன்றாமவர் ரப்பர் தரகர். ரப்பர் இங்கிலாந்துக்கு வந்து சேரும்போது அதன் மதிப்பைச் சொன்னால் போதும் என்றார்கள். நான்காமவர், முன்னவர்கள் இருக்கிறார்களே, நல்ல நிறுவனமாகத்தான் இருக்கும் என்று நம்பிச் சேர்ந்தார். 1911இல் தீர்ப்பு வந்தது. ரப்பர் நிறுவனத்தின் இயக்குநருக்கு ரப்பரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சொல்லி நால்வரையும் விடுவித்தார் நீதிபதி நெவில்.

மலாயாவின் நிலைமையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பெரும்பாலான பெரிய தோட்டங்களின் இயக்குநர் வாரியங்கள் லண்டனில் இருந்தன. நிர்வாக முகவர் நிறுவனங்களின் பெரியவர்களே பல தோட்ட நிறுவனங்களின் வாரியங்களிலும் அமர்ந்தார்கள். ஒரே மனிதர் பல நாற்காலிகளில் உட்கார்ந்து பல கட்டணங்கள் பெற்றார்.

மரத்தடியில் இருந்தவர்களின் கணக்கு வேறு. 1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென். ரப்பர் விலை விழுந்ததும் அதுவும் வெட்டப்பட்டது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வாளி சுமந்து, கொசுக்கடியில் மரம் சீவியவரின் கூலியை நிர்ணயித்தபோது அவரிடம் யாரும் கை உயர்த்தச் சொல்லிக் கேட்கவில்லை. கடல் கடந்து ஒரு வாரியம் இருப்பதே நம் பாட்டன்மாரில் பலருக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கங்காணி, கிராணி, துரை. அதற்கு மேல் ஆண்டவன்!

அமெரிக்காவில் எழுந்த கேள்வி

அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. அமெரிக்கன் டுபாக்கோ நிறுவனம் 1912இல் ஒரு துணைவிதி இயற்றியது. 1910இல் கிடைத்த ஆதாயத்தைவிட எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கிறதோ, அதில் 10 விழுக்காடு உயரதிகாரிகளுக்கு போனஸ். பங்குதாரர்களே ஒப்புக்கொண்ட விதி அது. அப்போது யாருக்கும் உறுத்தவில்லை.

சிகரெட் விற்பனை மலையாக வளர்ந்தது. விதி மட்டும் அப்படியே நின்றது. 1930இல் நிறுவனத்தின் தலைவரும் இயக்குநருமான ஜார்ஜ் வாஷிங்டன் ஹில் பெற்ற மொத்தத் தொகை பத்து இலட்சம் டாலரைத் தாண்டியது. நாடே பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து நின்ற நேரம். ரோஜர்ஸ் என்ற பங்குதாரர் வழக்குப் போட்டார். 1933இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னது. செய்த வேலைக்கும் கொடுத்த பணத்துக்கும் தொடர்பே இல்லையென்றால், அது சம்பளம் ஆகாது, அன்பளிப்பு. சிறுபான்மைப் பங்குதாரரின் பணத்தைப் பெரும்பான்மையினர் அன்பளிப்பாகக் கொடுத்துவிட முடியாது.

காலம் மாறியது. 1995இல் அமெரிக்க இயக்குநர்களின் தேசியச் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இயக்குநர்களுக்கு ஓய்வூதியம் வேண்டாம், ரொக்கத்தோடு நிறுவனப் பங்குகளையும் கொடுங்கள், பங்குதாரருக்கு நட்டமென்றால் இயக்குநருக்கும் வலிக்கட்டும் என்றது அந்த அறிக்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் என்ரோன் நிறுவனத்தில் என்ன நடந்தது? பங்குகளையும் சேர்த்து அதன் இயக்குநர் ஒருவர் ஆண்டுக்குப் பெற்றது சுமார் 350,000 டாலர். சிலருக்கு ஆலோசனைக் கட்டணம் தனி. 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு கரைந்தது. அடுத்த ஆண்டு விசாரித்த அமெரிக்க மேலவைக் குழு, எச்சரிக்கை அறிகுறிகள் இருந்தும் வாரியம் கண்காணிக்கத் தவறியது என்று கூறியது. குறைவாகக் கொடுத்தால் பியூட் பிரபு தூங்குகிறார். அதிகமாகக் கொடுத்தால் என்ரோன் வாரியம் வாய் திறப்பதில்லை. ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் டாலர் தரும் நாற்காலியை இழக்க யாருக்கு மனம் வரும்?

கூட்டத்துக்கு வந்த பன்றி

பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் சில பெரிய நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சரிந்தன. 1992இல் கேட்பரி குழு அறிக்கை தந்தது. நிர்வாக இயக்குநர்களின் சம்பளத்தை முழுமையாகவோ பெரும்பான்மையாகவோ வெளி இயக்குநர்களைக் கொண்ட தனிக்குழு பரிந்துரைக்க வேண்டும் என்றது.

1994இல் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி செட்ரிக் பிரவுனின் சம்பளம் ஒரே தாவலில் 475,000 பவுண்டுக்கு உயர்ந்தது. நாடு கொதித்தது. 1995ஆம் ஆண்டுக் கூட்டம் நடந்தபோது, தொழிற்சங்கத்தினர் ஒரு பன்றிக்கு 'செட்ரிக்' என்று பெயரிட்டு மண்டப வாசலுக்கே கொண்டு வந்துவிட்டார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான சிறு பங்குதாரர்கள் ஆவேசமாகப் பேசினார்கள். ஆனால் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் வாரியத்தின் பக்கம் வாக்களித்தன. சத்தம் இவர்களிடம், வாக்கு அவர்களிடம்!

எனினும் அந்தச் சத்தம் வீணாகவில்லை. அதே ஆண்டு கிரீன்பரி குழு, சம்பளக் குழுவில் வெளி இயக்குநர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. 2002இல் இயக்குநர்களின் ஊதிய அறிக்கையைப் பங்குதாரர் வாக்கெடுப்புக்கு விடும் விதி வந்தது. மறு ஆண்டே கிளாக்சோ ஸ்மித்கிளைன் நிறுவனத்தின் ஊதிய அறிக்கையைப் பங்குதாரர்கள் மயிரிழை வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். அந்த வாக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், உலகம் திரும்பிப் பார்த்தது. 2013இல் ஊதியக் கொள்கை மீதான வாக்கு கட்டுப்படுத்தும் வாக்காகவே ஆனது.

அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. பங்குதாரர்கள் பொதுவாக ஒரு திட்டத்துக்குச் சம்மதித்த பிறகு, அதற்குள் தங்களுக்குத் தாங்களே பெருந்தொகை ஒதுக்கிக்கொண்ட இயக்குநர்கள், அது நியாயமானது என்று நிரூபிக்க வேண்டும் எனத் டெலவேர் உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வெளி இயக்குநர் ஒருவருக்குச் சராசரியாக இருபது இலட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கப்பட்டிருந்தது. 2023இல் டெஸ்லா நிறுவனத்தின் இயக்குநர்கள், அளவுக்கு மீறி ஊதியம் பெற்றதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே சுமார் 735 மில்லியன் டாலர் மதிப்புள்ளதைத் திருப்பித் தர இணங்கினார்கள். வழக்குத் தொடுத்தது யார் தெரியுமா? டெட்ராய்ட் நகரின் காவலர்கள், தீயணைப்பாளர்களின் ஓய்வூதிய நிதி.

இங்கே நம் நிலைமை

மலேசியாவில் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 2017 ஜனவரி 31இல் நடப்புக்கு வந்தது. அதன் 230ஆவது பிரிவின்படி, பொது நிறுவனங்களிலும் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களிலும் இயக்குநர் கட்டணத்துக்கும் அவர்கள் பெறும் இதர சலுகைகளுக்கும் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். 'இதர சலுகைகள்' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். கூட்டப்படி, கார், மருத்துவச் செலவு என்று பின்வாசல் வழியாகப் போவதும் கணக்கில் வரவேண்டும் என்பதே நோக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி கற்றுக்கொடுத்த பாடம் இது.

சிங்கப்பூர் நிறுவனச் சட்டத்தின் 169ஆவது பிரிவு, இயக்குநர் ஊதியத்துக்கான தீர்மானத்தை வேறு விஷயங்களோடு கலக்காமல் தனியாகவே முன்வைக்க வேண்டும் என்கிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட பங்குச் சந்தை விதியின்படி, 2024 டிசம்பர் 31 முதல் முடிவடையும் நிதியாண்டுகளுக்கு, ஒவ்வோர் இயக்குநரும் பெற்ற சரியான தொகையை ஆண்டறிக்கையில் பெயரோடு வெளியிட வேண்டும். முன்பு பல நிறுவனங்கள் 'இத்தனை வெள்ளி முதல் இத்தனை வெள்ளி வரை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பித்து வந்தன.

பங்கே வாங்காதவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். சேமநிதியில் மாதந்தோறும் பணம் பிடிக்கப்படும் ஒவ்வொரு தொழிலாளியும் மறைமுகப் பங்குதாரர்தான். ஊழியர் சேமநிதி வாரியம் நாட்டின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் பங்கு வைத்திருக்கிறது. அந்த வாரியங்கள் தூங்கினால், கரைவது அவருடைய ஓய்வுக்காலக் கஞ்சிதான்.

நம் சமுதாயத்துக்கு இதில் சொந்த வரலாறும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மரம் சீவியவர்கள் மாதம் பத்து வெள்ளி என்று கட்டிப் பங்கு சேர்த்தார்கள். தோட்டங்கள் வாங்கப்பட்டன. லண்டனில் ஒரு வாரியம் இருப்பதையே அறியாதவர்களின் பிள்ளைகள், தாங்களே ஒரு வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் ஆனார்கள். கணக்குக் கேட்கும் உரிமை ஐம்பது சென் கூலிக்காரரின் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது.

உரிமை வந்தால் போதுமா? பயன்படுத்த வேண்டுமே! நிறுவனமாக இருந்தாலும், கூட்டுறவுச் சங்கமாக இருந்தாலும், ஆலய நிர்வாகமாக இருந்தாலும் ஆண்டறிக்கை வீட்டுக்கு வரும்போது அதைப் பிரித்துப் பாருங்கள். வாரியத்தில் இருப்பவர்கள் எத்தனை கூட்டத்துக்கு வந்தார்கள்? எவ்வளவு பெற்றார்கள்? சென்ற ஆண்டைவிட ஆதாயம் குறைந்திருக்க, அவர்களின் படி மட்டும் ஏறியிருக்கிறதா? ஒழுங்காகக் காவல் காப்பவருக்கு நியாயமான கூலியைத் தாராளமாகக் கொடுங்கள். கஞ்சத்தனம் செய்தால் நல்லவர்கள் வரமாட்டார்கள் என்பதையும் வரலாறு சொல்கிறது.

ஆனால் அடுத்த முறை "முன்மொழிபவர்? வழிமொழிபவர்?" என்று தலைவர் கேட்கும்போது, உணவுப் பொட்டலத்தைப் பற்றிய எண்ணத்தைச் சற்றே தள்ளி வைக்கலாம். கையை உயர்த்துமுன் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த ஒரு நிமிடத்தைப் பெற்றுத் தர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.